பதுளை மழையில் வைத்துப் பாருங்கள்
ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக உபவேந்தர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உபவேந்தர் அவர்களுக்கு,

சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறோம். பசறை வீதியிலுள்ள உங்கள் வளாகத்தில் ஒரு சிறு கொட்டகை வேண்டும். மேசை, மின்சாரம், வெப்பத்தையும் ஈரப்பதனையும் குறிக்கும் கருவிகள், மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் மீற்றர் ஆகியவை அதற்குப் போதும். எக்ஸ்ரே கதிரை உணரும் புதிய பொருள்களை அங்கே மாதக்கணக்கில் வைத்து, அவை எப்போது, எப்படிக் கெடுகின்றன என்று எழுதி வைக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் பொருள்கள் பெரோவ்ஸ்கைட் வகையைச் சேர்ந்தவை. பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கனிமத்தின் பெயர். அதே அணு அடுக்கைக் கொண்ட பொருள்கள் எல்லாவற்றுக்கும் இப்போது அந்தப் பெயரே வழங்குகிறது. நாம் பேசும் வகையில் ஈயம் போன்றதோர் உலோகமும், அயடின் அல்லது புரோமினும், நடுவில் ஒரு சிறு சேதன மூலக்கூறும் இருக்கும். 2009இல் ஜப்பானின் மியாசாகா குழு இதைச் சூரியக்கலத்தில் வைத்தபோது கிடைத்த வினைத்திறன் வெறும் 3.8 வீதம். இன்று ஆய்வுகூடங்களில் 26 வீதத்தைத் தாண்டிவிட்டது. சூரியக்கலம் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஊவாவுக்கு அதைவிட நெருக்கமான பயன் ஒன்று இருக்கிறது.

எக்ஸ்ரேயைத் தடுத்து நிறுத்த பாரமான அணு வேண்டும். சிலிக்கனின் அணுவெண் 14. மார்பகப் படக் கருவிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் செலீனியத்துக்கு 34. அயடினுக்கு 53, ஈயத்துக்கு 82. ஆகவே ஈயமும் அயடினும் கொண்ட பெரோவ்ஸ்கைட் படலம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பிலேயே கதிரைப் பிடித்து, அங்கேயே மின்னேற்றமாக மாற்றிவிடுகிறது. கதிரை முதலில் ஒளியாக்கி, அந்த ஒளியைப் பிறகு மின்னாக்கும் இன்றைய உணரிப் பலகைகளின் இரண்டு படி வேலை இதில் ஒரு படியாகிறது. அதோடு, இதைக் கரைசலாகக் கலக்கிப் பூசலாம். 2017இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 830 மைக்ரோமீற்றர் தடிப்பில் அப்படி அச்சிட்டு, குறைந்த கதிரளவில் படமெடுத்துக் காட்டினார்கள். எண்ணியல் எக்ஸ்ரே கருவியில் பெரும் விலை பிடிப்பது இந்தப் பலகைதான். அதன் விலை இறங்கினால் கருவியின் விலையும் இறங்கும்.

தேயிலைத் தோட்டத்தில் இருமல் மாதக்கணக்கில் நிற்காவிட்டால் நெஞ்சுப்படம் எடுக்கச் சொல்வார்கள். டிஸ்பென்சரியில் அதற்கு வசதியில்லை. மடூல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்துப் பதுளைக்கு வர வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது. பஸ் காசு தனி. அதனால் கொழுந்து குறையும் மாதம் வரட்டும் என்று நாள் தள்ளிப்போகிறது. காசநோயோ நாள் பார்ப்பதில்லை, லயத்துக் காம்பராவில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவரையும் தேடிப்போகும். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் நெஞ்சுப்படங்களைக் கணினியே வாசித்துக் காசநோய்ச் சந்தேகத்தைச் சொல்ல உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரை வழங்கிவிட்டது. படத்தை வாசிக்க ஆளில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. படமெடுக்கும் கருவி மலையேறி வர வேண்டும், அதுதான் பாக்கி.

இது வெள்ளைக்காரர் ஆய்வுகூட விவகாரம், நமக்கென்ன என்று உங்கள் பேரவையில் யாரும் கேட்டால் ஹந்தானையைக் காட்டுங்கள். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1995இல் சாயமூட்டிய சூரியக்கலத்திலிருந்த திரவத்தை எடுத்துவிட்டு, திண்மமான செப்பு அயடைட்டை வைத்தார்கள். பெரோவ்ஸ்கைட் சூரியக்கலம் பிறந்தது அந்தச் சாயக்கலக் குடும்பத்தில்தான். அவர்களையும் அன்று வாட்டியது ஆயுள் குறைவே: செப்பு அயடைட்டுப் பளிங்குகள் வளர்ந்து தொடர்பு விட்டுப்போகும், அதை அடக்க வேறு உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பின்னர், இலங்கையரான ரவி சில்வா வழிநடத்தும் இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகக் குழு, சேதனக் குறைகடத்தியில் பிஸ்மத் ஒட்சைட்டு நுண்துணிக்கைகளைக் கலந்து எக்ஸ்ரே உணரி செய்து 2018இல் வெளியிட்டது. அது பெரோவ்ஸ்கைட் அல்ல, ஆனால் பாரமான அணுவைக் கரைசலோடு கலந்து பூசும் அதே யோசனை.

அப்படியென்றால் பெரோவ்ஸ்கைட் உணரி ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? இந்தப் பொருள் அடிப்படையில் ஓர் உப்பு. மார்கழியில் லயத்து அடுப்படியில் உப்பு டின் எப்படிக் கசிகிறதோ, அப்படியே இதுவும் ஈரத்தை இழுக்கும். இழுத்து இழுத்துக் கடைசியில் மஞ்சள் நிற ஈய அயடைட்டாகச் சிதைந்துபோகும். எக்ஸ்ரே உணரிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் குறுக்கே எப்போதும் மின்னழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் இலத்திரன்கள் மட்டுமல்லாமல் பொருளின் அயன்களும் இடம்பெயரத் தொடங்குகின்றன. கதிர் படாத நேரத்திலும் மின்னோட்டம் கசியும், அந்தக் கசிவு மணிக்கு மணி மாறும். நேற்றைய படத்தின் நிழல் இன்றைய படத்தில் விழுந்தால் எந்த வைத்தியரால் எதைச் சொல்ல முடியும்? ஈரத்தை விலக்கும் பருமனான சேதன மூலக்கூறுகளை அடுக்குகளுக்கிடையே செருகியும், ஈயத்துக்குப் பதில் பிஸ்மத்தை வைத்தும் இந்த இடப்பெயர்வைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். முன்னேற்றம் உண்டு. முடிவாகவில்லை.

சூரியப் பலகைகளுக்கான ஈரவெப்பச் சோதனை 85 பாகை செல்சியஸ், 85 வீத ஈரப்பதன், 1000 மணித்தியாலம் என்று போகும். ஒரே அறை, ஒரே நிலை, நாற்பத்திரண்டு நாளில் முடிந்துவிடும். பதுளை அப்படியிருக்காது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் பனிமூட்டமும். ஆடி ஆவணியில் மலையிறங்கி வரும் வறண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுப்பதே அந்தக் காற்றுத்தான். பகலில் காய்ந்தது இரவில் வியர்க்கும். இடி இடித்தால் கரண்ட் போகும், வரும்போது துள்ளிக்கொண்டு வரும். உறையிட்ட உணரியொன்றின் ஓரப்பசை இதையெல்லாம் ஒரு வருடம் தாங்குமா என்பதை எந்தச் சோதனைப் பெட்டியும் சொல்லாது. வசதியான ஆய்வுகூடங்கள் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று உங்கள் முற்றத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே நோக்கம் என்று சொல்லித் தொடங்கிய பல்கலைக்கழகம் உங்களுடையது. இந்தக் காலநிலையையும் அந்த வளக் கணக்கில் சேருங்கள்.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. சூரியக்கலத்தில் படலத்தின் தடிப்பு அரை மைக்ரோமீற்றர் அளவு, ஈயம் சொற்பம். உணரியில் அது அரை மில்லிமீற்றர், ஆயிரம் மடங்கு. நெஞ்சுப்படத்துக்கான 43 சென்ரிமீற்றர் சதுரப் பலகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஒன்றிலேயே நூற்றிருபது கிராமுக்கு மேல் ஈயம் வரும். அதுவும் நீரில் ஓரளவு கரையக்கூடிய உப்பு வடிவில். மலைக்கு மேலே புதைத்தால் கீழே பீலியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளை குடிக்கும். ஆகவே கொட்டகைக்குள் போன ஒவ்வொரு மாதிரியையும் எண்ணி, நிறுத்து, திரும்ப வெளியே எடுக்க வேண்டும். அனுப்பியவரே அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எழுத்தில் ஒப்ப வேண்டும். பிஸ்மத் மாதிரிகளை முதலில் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கதிர்மூலம் வைத்திருப்பதற்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதி வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தொடக்கத்தில் அதுகூடத் தேவைப்படாது. இருட்டில் கசியும் மின்னோட்டத்தை நாள்தோறும் அளந்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பின்னர் ஆஸ்பத்திரிக் கருவியின் ஓய்வு நேரத்தில், மனித உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி உருவத்தைப் படமெடுக்கலாம். பொருளை இங்கே சோதியுங்கள். எங்கள் சனத்தைச் சோதிக்க விடாதீர்கள். 'முன்னோடித் திட்டம்' என்ற பெயரில் அங்கீகாரமில்லாத பலகையோடு எவரும் லயத்துக்கு வந்தால், முதலில் மறிக்க வேண்டிய கை உங்களுடையது.

இன்னொரு பயமும் இருக்கிறது. புதுப்பொருள் வரப்போகிறதே என்று சொல்லி, இன்றைக்கே வாங்கக்கூடிய, தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியைச் சுகாதாரத் திணைக்களம் தள்ளிப்போடக்கூடும். அதற்கு இந்த மடல் சாட்சியாகிவிடக் கூடாது. பழைய பலகையோடு வந்தாலும் அந்தக் கருவி தோட்டத்துக்கு இப்போதே வரட்டும்.

அளவீடுகளைக் குறிக்கும் வேலைக்கு நமுனுகுலை, ஸ்பிரிங்வெளிப் பக்கம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளில் சிலரைச் சம்பளத்துக்கு எடுங்கள். கெட்டுப்போன மாதிரிகளின் விபரத்தையும் மறைக்காமல் மும்மொழியிலும் வெளியிடுங்கள். வென்ற கதைகளைக் கட்டுரையாக்க உலகமெங்கும் ஆளிருக்கிறார்கள், தோற்ற மாதிரிகளின் பட்டியல்தான் கிடைப்பதில்லை.

முதல் மாதிரிகள் ஐப்பசி மழைக்கு முன்னரே மேசையில் இருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஈரப் பருவத்துக்காக ஒரு முழு வருடம் காத்திருக்க நேரும். உங்கள் பதில் எதுவாக இருந்தாலும் இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்