வெளிநாடு சென்றபின் வாடகை முன்பணம்: சாவியுடன் கைமாறும் பேர வலிமை

பெங்களூரு: வேலை அல்லது மேற்படிப்பின் பொருட்டு வெளிநாடு புறப்படுவோர் வாடகை வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளில் பெரும்பாலும் கேட்கும் பதில் ஒன்றுதான்: "பெயிண்ட் அடித்து முடித்ததும் கணக்குப் பார்த்து மீதியை அனுப்பிவிடுகிறேன்." விமானம் ஏறிய பின்னர் அந்த வாக்கை நினைவூட்ட அவர்களிடம் எஞ்சுவது ஒரு தொலைபேசி எண் மட்டுமே.

பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் பெங்களூருவில் நெடுங்காலமாக உண்டு. அண்மைக்காலமாக ஐந்து, ஆறு மாத வாடகையுடன் நிறுத்திக்கொள்ளும் உரிமையாளர்களும் உள்ளனர். மாதம் 30,000 ரூபாய் வாடகை என்றால் பத்து மாதத்திற்கு 3 லட்சம் ரூபாய். வெளிநாட்டில் குடியேறும் முதல் மாதங்களில், அங்கும் ஒரு வீட்டிற்கு முன்பணம் கட்ட வேண்டிய வேளையில், முடங்கிக் கிடப்பது இத்தொகைதான்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. உரிய பிடித்தம் போக மீதியை, வீட்டைத் திரும்பப் பெறும் நேரத்திலேயே தந்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் நிலமும் வாடகையும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால் மட்டுமே அதற்கு வலிமை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் மூன்று மாத வாடகை என்ற அளவையும், காலி செய்த ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கெடுவையும் குறிப்பிடுகிறது. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, பெங்களூரு போன்ற நகரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே இயற்றப்பட்டது. இன்று அந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைப்பது அரிது. எனவே மிகப் பெரும்பாலான வாடகைதாரர்களுக்குத் துணை, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான்.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'பிணை வைப்புத்தொகை' என எழுதப்படுவதைப் பேச்சில் எல்லோரும் 'அட்வான்ஸ்' என்கிறோம். அட்வான்ஸ் என்றால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று குடியிருப்பவர் எண்ணுகிறார். வைப்புத்தொகை என்றால் சேதத்திற்கான ஈடு என்று உரிமையாளர் வாதிடுகிறார். பெயிண்ட் செலவுக்கென ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பெங்களூருவில் ஏறக்குறைய எழுதப்படாத விதி. ஐந்தாண்டு குடியிருந்த வீட்டின் சுவர் மங்குவது இயல்பான தேய்மானமா, சேதமா என்ற கேள்விக்கு, வீட்டை மீண்டும் காண இயலாத ஒருவர் கடல் கடந்து விடை தேட வேண்டியிருக்கிறது.

காவல் நிலையத்தை அணுகினால் இது சிவில் விவகாரம் என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கும். வழக்குத் தொடுக்க உறவினருக்கு அதிகாரப் பத்திரம் அளிக்கலாம். அதை இந்தியத் தூதரகத்திலோ, அந்நாட்டு நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவும் வேண்டும். அதன் பிறகும் தடை ஓய்வதில்லை. அதிகாரம் பெற்றவர், வழக்காடுபவர் மட்டுமே நேரில் அறிந்த செய்திகளுக்கு அவருக்குப் பதிலாகச் சாட்சியம் அளிக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்துள்ளது. காணொளி வழிச் சாட்சியத்திற்கு இடமுண்டு என்றாலும், அது நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்தது.

"நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் பணம் அனுப்ப விதி இடம் தராது" என்ற சாக்கும் சில உரிமையாளர்களிடமிருந்து வருகிறது. இது உண்மையன்று. வேலைக்காக வெளிநாடு செல்வோர் தமது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தமக்குச் சேர வேண்டிய நியாயமான தொகைகளை ரூபாயாகவே அதில் பெறலாம். புறப்படும் அவசரத்தில் இந்த மாற்றத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். இந்திய சிம் அட்டை செயலிழந்து ஓ.டி.பி. வராமல் போனால், பணத்தைத் தர மனமுள்ள உரிமையாளருக்கும் வேலை கூடுகிறது.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கு 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான தனியார் வாடகைகளில் முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் உரிமையாளர் கொண்டுவர வேண்டும். இப்போது அதற்கான கெடு 30 நாள். தவறினால் முன்பணத்தைப் போல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கட்ட நேரிடும். பிடித்தம் குறித்துத் தகராறு எழுந்தால், இரு தரப்பும் சம்மதிக்கும்போது, நடுவர் ஆவணங்களையும் புகைப்படங்களையும் பார்த்துக் கட்டணமின்றி முடிவு சொல்கிறார். நேரில் தோன்ற வேண்டியதில்லை. பர்மிங்காமில் படித்துவிட்டுச் சென்னை திரும்பிய மாணவர் தமது முன்பணத்தைக் கேட்பது, பெங்களூருவிலிருந்து பர்மிங்காம் சென்றவர் கேட்பதைவிட எளிது என்பதே இதன் பொருள்.

இங்கே அத்தகைய ஏற்பாடு இல்லாத நிலையில், சாவி கையில் இருக்கும்வரைதான் குடியிருப்பவருக்குப் பேர வலிமை. பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பே உரிமையாளருடன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்தங்களை எழுத்தில் பெற்று, மீதித் தொகை கணக்கில் ஏறிய பின் சாவியைக் கொடுப்பதே பாதுகாப்பானது. அது கைகூடாதோர் நினைவில் கொள்ள வேண்டிய கெடு ஒன்று உண்டு: பணத்தை மீட்கும் வழக்கிற்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள். அதற்குள் உரிமையாளர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகக் கணக்கிடப்படும்.