மைக் வாங்கும் முன் மெத்தையைத் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டிலிருந்தே பின்னணிக் குரல் கொடுத்துச் சம்பாதிக்க ஆசை. எந்த மைக் வாங்கலாம்?" விளம்பரம், பாட வீடியோ, ஒலிப் புத்தகம் என இந்த வேலைக்குத் தேவை இருப்பது உண்மைதான். ஆனால் மைக்கைப் பற்றி முதலில் கேட்பது பணத்தை வீணாக்கும் வழி என்பது என் கருத்து. "எந்த அறையில், எந்த நேரத்தில் பதிவு செய்யலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் தேனி மாவட்டத்தில் உள்ள வருசநாடு. மாதத்தில் பாதி நாட்கள் ஊரிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். எங்கள் நிறுவனத்தின் பயிற்சி வீடியோக்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பதும் என் பொறுப்பு. அவற்றை வருசநாட்டு வீட்டில்தான் பதிவு செய்கிறேன்.

சென்ற ஆண்டு என் சித்தப்பா மகள் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்பேஸ், ஸ்டாண்ட், சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்ந்த "ஸ்டுடியோ செட்", விலை 24 ஆயிரம் ரூபாய். கம்மலை அடகு வைத்து வாங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. கையில் ஒரு வேலை கூட வராத நிலையில் வட்டி மட்டும் ஓடத் தொடங்கும். வேண்டாம் என்று சொல்லி, வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்கச் சொன்னேன். இப்போது ஒரு டியூஷன் சென்டரின் பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறாள். கம்மல் காதிலேயே இருக்கிறது.

அறைதான் முதல் கருவி

வெறும் சுவரும் சிமென்ட் தரையும் உள்ள அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒரு வால் நீளும். உங்கள் பேச்சுக்குப் பின்னாலும் அதே வால் வரும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் நுட்பமானது என்பதால் இந்த எதிரொலியையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்தே தெளிவாகப் பதிந்து விடும். நல்ல மைக், மோசமான அறை என்ற கூட்டணி எப்போதும் தோல்விதான்.

இது புதிய செய்தி அல்ல. 1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறை ஒன்றில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஒலித்து அடங்க ஐந்தரை வினாடி ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என அளந்தார். பகலில் சத்தம் என்பதால் இரவில்தான் வேலை. இன்றும் ஒலி உறிஞ்சும் திறனை அளக்கும் அலகுக்கு அவர் பெயரால் "சபின்" என்றே பெயர்.

நம் ஊரில் மெத்தைக்கா பஞ்சம்? வருசநாடு, கடமலைக்குண்டு பகுதிகள் இலவம் பஞ்சுக்குப் பெயர் போனவை. போடியில் அந்தப் பஞ்சில் மெத்தை, தலையணை தைப்பது ஒரு தொழில். இரண்டு மெத்தைகளை அறையின் மூலையில் "ட" வடிவில் நிறுத்தி, அவற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். மைக்கிற்குப் பின்னால் கொடியில் கனமான கம்பளியைத் தொங்க விடுங்கள். தரையில் ஜமுக்காளம் போதும். ஒன்று நினைவிருக்கட்டும். இலவம் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். சூடாகும் பல்பு, தளர்ந்த பிளக் பாயின்ட் ஆகியவற்றின் அருகே மெத்தையை நிறுத்தக் கூடாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா எனச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது எதிரொலியை ஓரளவுகூடச் சரியாகக் குறைக்காது. வெளிச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. மெத்தையும் உள்ளே எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச் சத்தத்திற்கு மருந்து, நேரம் பார்த்துப் பதிவு செய்வது ஒன்றுதான்.

அமைதி நமக்கு இலவசம்

இங்கேதான் கிராமத்தில் இருப்பவருக்கு லாபம். நகரத்தில் ஒலி புகாத அறைக்கு மணிக்கணக்கில் வாடகை தர வேண்டும். வருசநாட்டில் இரவு பத்து மணிக்கு மேல் அந்த அமைதி தானாகவே கிடைக்கிறது. விடியலை நம்பாதீர்கள், சேவலும் கோயில் ஒலிபெருக்கியும் முந்திக் கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய் வழியே காற்று அடித்து வீசும். காற்றாலைக்குக் கொண்டாட்டம், மைக்கிற்குத் திண்டாட்டம். அந்த மாதங்களில் காற்று வரும் திசையில் ஜன்னல் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரை என்றால் மழை நாட்களை மறந்து விடுங்கள்.

மின்விசிறியை நிறுத்தவும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் இயக்கவும். எர்த் இல்லாத இணைப்பால் வரும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் போய்விடும். டெஸ்க்டாப் என்றால் கேபினட்டைத் தள்ளி வைக்கவும்.

என்ன வாங்கலாம்?

முதல் கட்டமாக உங்கள் மொபைல் போனே போதும். அடுத்ததாக ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் காலர் மைக். அதன் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது போனுக்கானது. கம்ப்யூட்டரின் மைக் துளையில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கடைக்காரரிடம் கேட்டு வாங்கவும். வேலைகள் வரத் தொடங்கிய பின் யு.எஸ்.பி. மைக் வாங்கலாம். கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகினால் போதும். ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் இன்டர்பேஸ் தனியாக வேண்டும். தொடக்கத்தில் அந்தச் செலவு தேவையில்லை. ஆனால் காதை மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். ஸ்பீக்கரில் கேட்டால் குறைகள் தெரியாது.

சாப்ட்வேருக்குப் பைசா தர வேண்டாம். 2000ம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக் கொள்ளுங்கள். எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, சேனல் ஒன்று (மோனோ), சாம்பிள் ரேட் 44100 என அமைத்திடவும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்தால் "ப" என்னும்போது வரும் காற்று இடிக்காது. பேசும்போது உச்ச அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் இருக்கட்டும். முதல் பத்து வினாடி எதுவும் பேசாமல் பதிவு செய்யவும். அமேசானின் ஒலிப் புத்தகச் சேவையான ஏ.சி.எக்ஸ்., இந்த மௌனத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நாமும் அதையே இலக்காக வைப்போம்.

மீதி இரைச்சலை நீக்க நாய்ஸ் ரிடக்ஷன் வசதி இருக்கிறது. அதைக் கறிவேப்பிலை போல் பயன்படுத்தவும். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். மூலப் பதிவை வேவ் பைலாகவே வைத்துக் கொள்ளுங்கள். ஒரு நிமிடத்திற்குச் சுமார் 5 எம்.பி.தான் ஆகும். அனுப்பும் பிரதியை மட்டும் எம்.பி.3 ஆக்கலாம்.

குரலை மாற்றாதீர்கள்

கம்ப்யூட்டரே தமிழ் வாசிக்கும் காலம் இது. சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதற்கான ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அறிவிப்பு வாசிக்கும் வேலைகள் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாரையும் போல் வாசிக்கும் குரலுக்குத்தான் இதில் முதல் ஆபத்து. எனவே செய்தி வாசிப்பாளர் போலப் பேச முயலாமல், உங்கள் ஊர்ப் பேச்சின் இழுப்பை வைத்துக் கொள்ளுங்கள். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா தம் படங்களின் தொடக்கத்தில் தம் குரலிலேயே பேசினார். மண் வாசனை மாறாத அந்தக் குரலைத் தமிழ்நாடே அடையாளம் கண்டது. ஆனால் ல, ள, ழ மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலை தருவதாகச் சொல்லி "பதிவுக் கட்டணம்" கேட்டால் அது மோசடி. மாதிரி கேட்டு நீண்ட பதிவு அனுப்பச் சொன்னாலும் யோசிக்கவும்; சிறிது பதிவு கிடைத்தாலே குரலை நகல் எடுக்கும் மென்பொருட்கள் வந்துவிட்டன. ஒரு நிமிட மாதிரி போதும். ஒப்பந்தத்தில் உங்கள் குரலை இயந்திரத்திற்குப் பயிற்சி தரப் பயன்படுத்துவார்களா என்ற வரியைத் தேடிப் படிக்கவும்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே பத்தியைப் போனில் இரண்டு முறை பதிவு செய்யவும். முதலில் ஹாலில், அடுத்து மெத்தைகளுக்கு நடுவில். ஹெட்போனில் இரண்டையும் கேளுங்கள். அந்த வேறுபாட்டைக் காதால் கேட்ட பிறகும் மைக் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள். கடன் வாங்காமல்!