பருத்தி வயலில் தொடரும் பரிணாமப் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இருந்து பரிணாமக் கோட்பாட்டுப் பகுதியை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது 2023-ஆம் ஆண்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 'மரபுவழியும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபுவழி' எனச் சுருங்கியது. இதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கடிதத்தில் கையெழுத்திட்டனர். கரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கவே இம்மாற்றம் செய்யப்பட்டது என்றும், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் விரிவாக இடம்பெற்றுள்ளது என்றும் விளக்கம் அளிக்கப்பட்டது.

பரிணாமம் குறித்த பொது விவாதங்கள் பெரும்பாலும் மனிதனின் மூதாதை யார் என்ற கேள்வியையே சுற்றி வருகின்றன. ஆனால், பரிணாமம் கடந்த காலக் கதை மட்டும் அல்ல. குஜராத் முதல் பஞ்சாப் வரை பருத்தி விவசாயிகளின் வருவாயை அரித்துவரும் இளஞ்சிவப்பு காய்ப்புழு அதற்குக் கண்கூடான சான்று.

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி வழங்கப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்ட இப்பருத்தி, காய்ப்புழுக்களைக் கொல்லும் புரதத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இரண்டு மரபணுக்கள் கொண்ட இரண்டாம் தலைமுறை விதை 2006-இல் வந்தது. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. ரகங்களே நிறைந்தன.

முதல் தலைமுறைப் பருத்தியைத் தின்றும் காய்ப்புழு பிழைப்பது குஜராத்தின் சில மாவட்டங்களில் உறுதியானதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. 2014-15 பருவத்துக்குப் பிறகு இரண்டாம் தலைமுறைப் பருத்தியும் பலனிழக்கத் தொடங்கியது. மகாராஷ்டிரம், தெலங்கானா எனப் பரவிய பாதிப்பு, பின்னர் பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் வயல்களையும் எட்டியது.

புழு கற்றுக்கொள்வதில்லை

'புழு நஞ்சுக்குப் பழகிவிட்டது' என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்டு. உண்மையில், எந்தத் தனிப் புழுவும் நஞ்சைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை. கோடிக்கணக்கான புழுக்களில் மிகச் சிலவற்றில், நஞ்சு வேலை செய்யாமல் தடுக்கும் மரபணு மாற்றம் தற்செயலாக அமைந்திருக்கும். சாதாரணப் பருத்தி வயலில் அதனால் ஆதாயம் இல்லை. பி.டி. வயலிலோ, மற்றவை மடிய, இவை மட்டும் பிழைத்து இனப்பெருக்கம் செய்கின்றன. தலைமுறைதோறும் இவற்றின் விகிதம் உயர்கிறது.

உயிரினங்களுக்குள் வேறுபாடு இருத்தல், அது சந்ததிக்குக் கடத்தப்படுதல், அதனால் பிழைக்கும் வாய்ப்பு மாறுபடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இயற்கைத் தேர்வு நிகழும். சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் 1858-இல் முன்வைத்த கருத்தின் சாரம் இதுவே. இதில் நோக்கமும் இல்லை, திட்டமும் இல்லை.

கைவிடப்பட்ட புகலிடம்

இந்த ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருந்தது. அதனால்தான் பி.டி. வயலைச் சுற்றி ஐந்து வரிசைகளிலோ, 20 சதவீதப் பரப்பிலோ சாதாரணப் பருத்தியைப் 'புகலிடப் பயிராக' விதைக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. அங்கு வளரும் சாதாரண அந்துப்பூச்சிகள், நஞ்சைத் தாங்கிப் பிழைத்த சிலவற்றுடன் இணைசேரும். எதிர்ப்புத்திறன் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு என்பதால், அவற்றின் சந்ததி மீண்டும் நஞ்சுக்கு இரையாகும்.

புகலிட விதை தனிப் பொட்டலமாக வழங்கப்பட்டும் பெரும்பாலான வயல்களில் விதைக்கப்படவில்லை. சொந்தச் செலவில் புழுவுக்கு உணவிடுவது சிறு விவசாயிக்கு வீண் செலவாகவே தோன்றியிருக்கும். ஆயினும், பழியை விவசாயி மீது மட்டும் சுமத்த இயலாது. நீண்ட காலம் வயலில் நிற்கும் கலப்பின ரகங்களும், அனுமதியற்ற பி.டி. விதைகளின் பரவலும் புழுவின் பெருக்கத்துக்கு வழிவகுத்தன.

அமெரிக்காவின் அரிசோனாவில் புகலிடப் பயிர் முறை பெருமளவு பின்பற்றப்பட்டது. பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளும் பெருமளவில் பறக்கவிடப்பட்டன. அமெரிக்கப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்பு காய்ப்புழு ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. அதே புழு, அதே வகை நஞ்சு. முடிவு மட்டும் வேறு.

மருத்துவமனையிலும் இதே கணக்கு

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலனிழப்பதும் இவ்வாறே. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை விழுங்கும்போது சளி குணமாவதில்லை. உடலில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. கடைசி நம்பிக்கையாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த அதே ஆண்டு இந்தியா தடை விதித்தது.

பாடநூல் விவாதத்தின் உண்மையான எடை இங்குதான் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைத் தேர்ந்தெடுப்போர் மட்டுமே பரிணாமத்தைப் படிப்பார்கள். பத்தாம் வகுப்புடன் நின்று வயலுக்குச் செல்பவருக்கும், வணிகவியல் படித்து மருந்துக் கடையில் மாத்திரை கேட்பவருக்கும் அந்தப் பாடம் கிடைப்பதில்லை. புகலிடப் பயிரை விதைப்பதா, தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பதா என்று நாள்தோறும் முடிவெடுப்பவர்கள் அவர்களே.

பருத்தியை டிசம்பருக்குள் அறுவடை செய்து முடித்தல், பயிர்க் கழிவுகளை அகற்றுதல், இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்தல் என வேளாண் அறிவியலாளர்கள் இன்று பரிந்துரைக்கும் வழிகள் யாவும் புழுவின் தலைமுறைத் தொடரை அறுக்கும் முயற்சிகளே. நாளை மேலும் திறன்மிக்க விதையும் மருந்தும் வரலாம். பயன்பாட்டுக்கு வரும் நாளிலேயே அவற்றை எதிர்த்தும் இயற்கைத் தேர்வு தொடங்கிவிடும்.