துருத்துக்கு வார்டு இருக்கிறது, அதிகாரம் எங்கே?

2025 டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் பேச்செல்லாம் திருவனந்தபுரம் மாநகராட்சியைப் பற்றித்தான். 101 வார்டுகளில் 50-ஐப் பிடித்து பாஜக அங்கே முதன்முறையாக அதிகாரத்துக்கு வந்தது, பெரிய செய்திதான். தலைநகரோடு சேர்ந்து டிசம்பர் 9-ல் வாக்களித்த மன்றோத்துருத்து என்ற தீவுப் பஞ்சாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கொல்லம் மாவட்டத்தில் அஷ்டமுடிக் காயலும் கல்லடையாறும் கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான தீவுக்கூட்டம் அது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் பெயரைத் தாங்கியது. அந்த மண் இப்போது அமிழ்ந்துகொண்டிருக்கிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிறவர்கள் கடக்கும் தென்மலையில், 1980களில் கட்டி முடித்த அணை வண்டலைத் தடுத்துவிட்டது. மணல் அள்ளியதும் சேர்ந்துகொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிலைமை மோசமானது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் உப்புநீர் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது. சுவர் அரிக்கிறது, தென்னை காய்ப்பதில்லை. பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன.

இந்தத் தேர்தலுக்காகக் கேரளத்தில் வார்டுகளை மறுவரையறை செய்தார்கள். கிராமப் பஞ்சாயத்துக்குக் குறைந்தது 13 என்றிருந்த வார்டுகள் 14 ஆயின, அதிகபட்சம் 24. கணக்குக்கு எடுத்துக்கொண்டதோ 2011 மக்கள்தொகை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் துருத்துவாசிகளே. ஆனாலும் இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஏறத்தாழ 10,000 பேர் உள்ள ஊரில் ஒரு வார்டுக்கு எழுநூறு பேர்தான் வருவார்கள். மெம்பருக்கு ஒவ்வொரு வீடும் தெரிந்திருக்கும். கேரளத்தில் வார்டுதான் கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதைக் கூட்டியாக வேண்டும், கூட்டும் பொறுப்பு மெம்பருடையது. நம் தமிழகத்திலோ 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். அதைப் பார்க்கும்போது துருத்து வாக்காளர் கொடுத்துவைத்தவர்.

ஆகவே, பிரதிநிதித்துவத்தில் குறையில்லை. ஆனால் அந்த மெம்பரால் என்ன செய்ய முடியும்? வரப்பை உயர்த்தலாம், நடைபாதைக்கு கான்கிரீட் போடலாம், வீட்டுத் திட்டத்துக்குப் பட்டியல் கொடுக்கலாம். அடுத்த ஓதத்தில் அந்த வரப்பு உடையும். அணை மாநில நீர்ப்பாசனத் துறையுடையது. ஊரை அமிழ்த்தும் காரணங்களில் ஒன்றுகூடப் பஞ்சாயத்தின் கைக்குள் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்சிச் சின்னங்களோடு மும்முனைப் போட்டி நடக்கிறது. யார் வென்றாலும் தண்ணீரின் முன் ஒரே நிலைதான்.

1996-ல், திட்டமிடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மக்கள் திட்டத்தைத் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இங்கே நின்றுவிடக் கூடாது. நிதியைப் பங்கிடும்போது தலைக்கணக்கோடு, ஓதநீர் ஏறும் நிலப்பரப்பையும் அளவுகோலாக்க வேண்டும். அணையின் வண்டல் பற்றிய முடிவுகளில் தீவுப் பஞ்சாயத்தின் கருத்தைக் கேட்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பெயர்வாரியாகப் பதிவு செய்து, மறுவாழ்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இவற்றில் எதுவும் துருத்தின் கிராமசபையில் முடிவாகாது. திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தில்தான் முடிவாக வேண்டும்.