சாம்பாருக்கு எத்தனை பாயின்ட்? ஹாஸ்டல் பிள்ளைகளின் புது எடைக் கணக்கு

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் வீடியோ காலில் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘சாப்பிட்டியா?’ இரண்டாவது கேள்வி, ‘என்ன சாப்பிட்டே?’ அந்த இரண்டாவது கேள்விக்குச் சில பிள்ளைகள் இப்போது நம்பரில் பதில் சொல்கிறார்கள்.

“இன்னிக்கு 19 ஆச்சும்மா. இன்னும் 4 மிச்சம் இருக்கு!”

கேட்கிற அம்மாவுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சாப்பாட்டில் மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். நம்பரில் மிச்சம் இருந்தால் என்ன செய்வது? இதுதான் ‘பாயின்ட்ஸ்’ முறையில் எடை குறைக்கும் திட்டம். தினமும் உங்களுக்கு இத்தனை பாயின்ட் என்று ஒரு பட்ஜெட். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு விலை. பட்ஜெட்டுக்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் மணிக்குக் கணக்கு எழுதிப் பழகிய ஸ்டூடன்ட்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போவதில் ஆச்சர்யம் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இதில் சேரப்போகிறாரா? அல்லது நீங்களேதான் அந்தப் பிள்ளையா? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

15 பவுண்டு பூச்சாண்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃப்ரெஷ்மன் ஃபிஃப்டீன்’ என்று ஒரு பேச்சு உண்டு. முதல் வருடம் முடிவதற்குள் 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ ஏறிவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள்.

நிஜம் அவ்வளவு மோசமில்லை. 7,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களின் தகவல்களை அலசி 2011-ல் வெளியான ஆய்வின்படி, முதல் வருடத்தில் பெண்களுக்குச் சராசரியாக 2.4 பவுண்டும், ஆண்களுக்கு 3.4 பவுண்டும்தான் கூடியிருக்கிறது. ஒரு கிலோ, ஒன்றரை கிலோ சமாசாரம். 15 பவுண்டு ஏறியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

ஆனாலும் எடை ஏறுவதற்கான ஏற்பாடுகள் அங்கே பக்காவாக இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்களின் டைனிங் ஹாலில் கார்டை ஒருமுறை தேய்த்து உள்ளே போய்விட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பீட்சா, பாஸ்தா, ஐஸ்க்ரீம், குளிர்பானம் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். நம் ஊர்க் கல்யாணப் பந்தி தினமும் மூன்று வேளை நடந்தால் எப்படி இருக்கும்? அப்படி. கூடவே இரவு 2 மணி வரை அசைன்மென்ட், அரைகுறைத் தூக்கம், பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாத நிலை. இத்தனைக்கும் நடுவில் ஜீன்ஸ் இறுக ஆரம்பித்ததும் கை தானாக போனில் ஆப் தேடுகிறது.

ஒரு இல்லத்தரசியும் ஆறு தோழிகளும்

பாயின்ட்ஸ் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் பெயர் ‘வெயிட் வாட்சர்ஸ்.’ இதைத் தொடங்கியவர் டாக்டர் அல்ல. ஜீன் நிடெட்ச் என்ற நியூயார்க் இல்லத்தரசி. 1961-ல் அவர் எடை 214 பவுண்டு, சுமார் 97 கிலோ. நகர சுகாதாரத் துறை நடத்திய கிளினிக்கில் உணவுப் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பட்டியல் கையில் இருந்தது. ஆனால், பிஸ்கட் ஆசை விடவில்லை. மனசில் இருந்ததைக் கொட்ட ஆள் வேண்டும் என்று ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்தார். எல்லோரும் குண்டு, எல்லோருக்கும் அதே ஆசை, அதே கூச்சம். வாராவாரம் கூடிப் பேசினார்கள். கூட்டம் பெருகியது. 1963-ல் அது கம்பெனியாகவே ஆனது. ஜீன் 72 பவுண்டு குறைத்தார். 2015-ல் தன் 91-வது வயதில் இறந்தார்.

கவனியுங்கள், ஆரம்பத்தில் பாயின்ட்ஸே இல்லை. தோழிகளும் பேச்சும்தான் இருந்தன. பாயின்ட்ஸ் வந்தது 1997-ல்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

அந்தப் பழைய ஃபார்முலா எளிமையானது. கலோரியை 50-ஆல் வகுக்க வேண்டும். கொழுப்பை (கிராமில்) 12-ஆல் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். நார்ச்சத்தை 5-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். நார்ச்சத்து 4 கிராமுக்கு மேல் இருந்தாலும் 4 என்றே கணக்கு.

250 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 1 கிராம் நார்ச்சத்து என்று அட்டையில் போட்டிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 5 கூட்டல் 1.25 கழித்தல் 0.2. ஏறக்குறைய 6 பாயின்ட். 95 கலோரி ஆப்பிளுக்கு இதே கணக்கில் 1 பாயின்ட்தான். ஒரு பாக்கெட் சிப்ஸின் விலையில் ஆறு ஆப்பிள்!

பிறகு ஃபார்முலா பலமுறை மாறியது. 2010-ல் பெரும்பாலான பழங்களுக்கு 0 என்றார்கள். 2015 கடைசியில் வந்த முறை, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் குறிவைத்தது. பழைய முறையில் 3 பாயின்ட் ஆகியிருந்த ஒரு கேன் கோலா, புது முறையில் 9 ஆனது. 2017 கடைசியில் முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பருப்பு, பயறு என்று 200-க்கும் மேற்பட்ட உணவுகளுக்கு 0 கொடுத்து, தினசரி பட்ஜெட்டைக் குறைத்தார்கள். குறைந்தபட்சம் 23 பாயின்ட்.

இதில் நமக்கு என்ன செய்தி? கோலா அதே கோலா, ஆப்பிள் அதே ஆப்பிள். மாறியது நம்பர். அதாவது, பாயின்ட் என்பது உணவின் குணம் அல்ல. ஒரு கம்பெனி அந்தந்தக் காலத்துக்கு ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘சட்டி காயற அளவுக்கு!’

என் பெரியப்பா மகள் கோவைக்காரி. அமெரிக்காவில் எம்.எஸ் படிக்கிறாள். முதல் செமஸ்டர் முடிவதற்குள் 6 கிலோ கூடியதும், பாயின்ட்ஸ் ஆப் ஒன்றில் சேர்ந்தாள். எந்த ஆப் என்பது முக்கியமில்லை. அதில் பீட்சா 40 வகை இருந்தது, அடை இல்லை. ஆகவே, வீட்டுச் சமையலைத் தானே பிரித்துப் போட வேண்டியிருந்தது. பெரியம்மாவுக்கு போன் போட்டாள்.

“அம்மா, சாம்பாருக்கு எண்ணெய் எத்தனை ஸ்பூன்?”

“ஸ்பூனா? சட்டி காயற அளவுக்கு ஊத்தணும் கண்ணு.”

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், விஷயமே அங்கேதான் இருக்கிறது. பருப்புக்கு 0 என்று சொல்லும் முறையிலும் எண்ணெய்க்கு விலை உண்டு. ஒரு டேபிள் ஸ்பூன் சுமார் 120 கலோரி, 4 பாயின்ட். நம் வீட்டுச் சமையலில் எண்ணெயை யாரும் அளப்பதில்லை. அவள் அளக்க ஆரம்பித்தாள். சாதத்தைக் கப்பில் எடுத்தாள். கோலாவை நிறுத்தினாள். 3 மாதத்தில் 4 கிலோ இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அதன் பிறகு நடந்ததுதான் சந்தோஷமாக இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு வெளியே போக வேண்டும் என்பதற்காக, வியாழன் மதியமும் வெள்ளி மதியமும் சாப்பிடாமல் பாயின்ட் சேமிக்க ஆரம்பித்தாள். தீபாவளிக்குப் பெரியம்மா அனுப்பிய முறுக்கு டப்பாவைத் திறக்காமலே ரூம்மேட்டுக்குக் கொடுத்தாள். ஒருநாள் என்னிடம் வாய்ஸ் நோட்டில், “அக்கா, நேத்து 31 போயிடுச்சு. எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கல” என்றாள்.

31 என்பது ஒரு நம்பர். பரீட்சையில் ஃபெயிலான குரல் அதற்கு எதற்கு?

நல்லவேளையாக, அவள் ரூம்மேட் விவரமானவள். கையோடு கேம்பஸ் ஹெல்த் சென்டருக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த டயட்டீஷியன் கேட்டது இதுதான்: “கடைசியாகக் கணக்குப் போடாமல் எப்போது சாப்பிட்டாய்?” அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கவுன்சலிங்குக்கும் அனுப்பினார்கள். இப்போது ஆப் இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், எண்ணெயை மட்டும் இன்னமும் ஸ்பூனில் அளக்கிறாள். இறங்கிய 4 கிலோவில் ஒரு கிலோ திரும்பி வந்திருக்கிறது. “பரவால்லக்கா, வரட்டும்” என்கிறாள். அந்த ‘பரவால்ல’வைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

பலன் உண்டா, இல்லையா?

உண்டு. 2017-ல் ‘தி லேன்செட்’ மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு ஒன்று வெளியானது. அதிக எடை கொண்ட 1,267 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சுருக்கமான ஆலோசனையும் கையேடும் மட்டும் பெற்றவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 3.26 கிலோ குறைந்தார்கள். 12 வாரம் வெயிட் வாட்சர்ஸ் போனவர்கள் 4.75 கிலோ. 52 வாரமும் போனவர்கள் 6.76 கிலோ. நிறைய நாள் போனால் நிறைய பலன்.

2005-ல் அமெரிக்காவில் நான்கு பிரபல டயட்களை 160 பேரிடம் ஒப்பிட்டார்கள். எந்த டயட் என்பதைவிட, எவ்வளவு தூரம் விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதே எடையைத் தீர்மானித்தது. வெயிட் வாட்சர்ஸில் போடப்பட்ட 40 பேரில் 26 பேர்தான் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேன்செட் ஆய்வில் இருந்தவர்கள் பி.எம்.ஐ 28-க்கு மேல் உள்ளவர்கள். ஜீன்ஸ் இறுகிய 19 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பலனை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. அதேசமயம், ‘எனக்கு பி.எம்.ஐ 24தானே, நார்மல்’ என்று நாம் அசட்டையாகவும் இருக்க முடியாது. ஆசியர்களுக்கு 23-லிருந்தே சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கூட ஆரம்பிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லியிருக்கிறது. வீட்டில் சர்க்கரை இருக்கிற குடும்பங்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல.

சேரும் முன் ஐந்து கேள்விகள்

1. யார் சொல்லிச் சேர்கிறீர்கள்? ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டரா, குரூப் போட்டோவில் கமென்ட் அடித்த நண்பனா? முதலாவது என்றால் யோசிக்கலாம்.

2. 18 வயது ஆகிவிட்டதா? இல்லையென்றால் ஆப் வேண்டாம், டாக்டர் போதும். 8 முதல் 17 வயதுக்காரர்களுக்கென்று வெயிட் வாட்சர்ஸ் 2019-ல் கொண்டுவந்த ‘குர்போ’ ஆப் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்ததாக வந்த வழக்கில், 2022-ல் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

3. முன்பு எப்போதாவது பட்டினி கிடந்தோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ எடை குறைக்க முயன்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் எண்ணிக்கை வைத்துச் சாப்பிடும் எந்தத் திட்டமும் உங்களுக்கு வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

4. சந்தா எப்படிக் கழிகிறது? மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் போகும் திட்டமா, எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம், நடுவில் நிறுத்த முடியுமா என்று பணம் கட்டும் முன்பே படித்துப் பாருங்கள். இந்தத் தொழிலே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்தபின், வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமே 2025 மே மாதம் கடன் சுமையைக் குறைக்க திவால் பாதுகாப்பு கோரியது.

5. இலவசமாகவே கிடைக்குமா? பல பல்கலைக்கழக ஹெல்த் சென்டர்களில் டயட்டீஷியன் இருக்கிறார். மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அல்லது மிகக் குறைவு. ஆப்புக்குக் கார்டு நம்பர் கொடுக்கும் முன் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வீடியோ காலில் ‘என்னடி இப்படி ஊதிட்டே?’ என்பதையும் கேட்காதீர்கள், ‘என்னடி இப்படி எளைச்சுட்டே?’ என்பதையும் கேட்காதீர்கள். ‘யாரோட சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். தினமும் ‘தனியா’ என்று பதில் வந்தால், அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ஜீன் நிடெட்சுக்கு முதலில் உதவியது ஃபார்முலா அல்ல. தன்னைப் புரிந்துகொண்டு எதிரில் உட்கார்ந்த ஆறு பேர்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. பாயின்ட்ஸ் கற்றுக்கொடுக்கும் நல்ல பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை அளப்பது, குளிர்பானத்தைக் குறைப்பது, தட்டில் பருப்பையும் காயையும் கூட்டுவது. இதற்கெல்லாம் சந்தா கிடையாது. நம்பர் உங்களைத் திட்ட ஆரம்பித்த அன்று ஆப்பை மூடிவிடுங்கள். பசித்தால் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது பாயின்ட்ஸ், கலோரி என்று கணக்குப் போட்டுச் சாப்பிடுகிறார்களா? பலன் கிடைத்ததா, பாடம் கிடைத்ததா? எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்!