கிலோவா குத்துகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. குத்துச்சண்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களும் வாசியுங்கள். உங்கள் பிள்ளையும் இதற்குள் வரலாம்.

போன கிழமை மூன்றாம் பாடவேளையில் தரம் 10 பையன் ஒருவன் மேசையில் தலையைச் சாய்த்தான். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தோம், இல்லை. உதடு வெடித்திருந்தது. விசாரித்தால், முதல் நாள் பகலிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். விடியக்காலையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியும் இருக்கிறான். சனிக்கிழமை நிறை எடுக்கிறார்கள், இரண்டு கிலோ இறங்கினால் கீழ்ப் பிரிவில் ஆடலாம். "கீழ்ப் பிரிவில என்ட பஞ்ச்தான் சேர் பாரம்" என்றான்.

அதே கிழமை தரம் 9 பையன் ஒருவன் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தான். மெலிந்த பிள்ளை. "காத்தடிச்சா பறப்பாய், போய்ச் சாப்பிட்டு உடம்பு வச்சிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒருவனைக் காயப்போட்டதும் மற்றவனைத் துரத்தியதும் ஒரே நம்பிக்கைதான். குத்தின் பலம் உடம்பின் நிறையில் இருக்கிறது என்ற நம்பிக்கை. பயிற்றுவிப்பவர்கள் சொல்கிறார்கள், பெற்றோர் தலையாட்டுகிறார்கள், பையன்கள் வேதவாக்காக எடுக்கிறார்கள். இது பிழை என்கிறோம்.

உடனே கொமென்ட்டில் வரப்போவதை முதலே சொல்லிவிடுகிறோம். "அப்படியென்றால் நிறைப் பிரிவுகள் எதற்கு, சேர்?" நியாயமான கேள்வி. 2005 இல் வெளியான ஓர் ஆய்வில் ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரைக் கொண்டு குத்தின் விசையை அளந்தார்கள். இலேசான பிரிவிலிருந்து மிகப் பாரமான பிரிவு வரை ஆட்கள் இருந்தார்கள். பாரம் கூடக் கூடச் சராசரியாக விசையும் கூடியது. மறுக்கவில்லை. 50 கிலோப் பிள்ளையை 90 கிலோ ஆளோடு ஏற்றச் சொல்லி நாங்கள் எழுதவும் இல்லை.

ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொன்று இருக்கிறது. குத்து விழும் கணத்தில் அதற்குப் பின்னால் உண்மையில் வேலை செய்த திணிவு சராசரியாக மூன்று கிலோ அளவுதான். உடம்பு முழுவதும் கைக்குப் பின்னால் வந்துவிடுவதில்லை. எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதில்தான் சங்கதி. விசை என்பது திணிவும் ஆர்முடுகலும் பெருகி வருவது என்று சாதாரண தரத்துக்குப் படிப்பிக்கிறோம். மைதானத்துக்குப் போனதும் ஆர்முடுகலை மறந்து திணிவை மட்டும் தராசில் வைக்கிறோம்.

2000 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்த கணக்கு இன்னும் தெளிவு. தேர்ந்த வீரர்களின் பின்கைக் குத்து ஏறத்தாழ 4,800 நியூட்டன். புதிதாகப் பழகுபவர்களுடையது 2,400 அளவில். பாதி! புதியவர்கள் பாதி நிறை உள்ளவர்கள் என்று யாரும் சொல்லமாட்டீர்கள். 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் குத்துக்குக் கால், உடல், கை ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்தவர்களுக்குக் காலிலிருந்து வந்த பங்கு 38 சதவீதம் அளவு. புதியவர்களுக்கு அதில் பாதியும் இல்லை. அவர்கள் கையால் குத்துகிறார்கள், தேர்ந்தவன் தரையிலிருந்து குத்துகிறான்.

நம்பாதவர்கள் ஒரு பையனைக் கதிரையில் இருத்தி, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, மணல் பையில் ஒரு குத்து விடச் சொல்லுங்கள். பிறகு எழும்பி நின்று குத்தச் சொல்லுங்கள். நிறை ஒரு கிராமும் மாறவில்லை. சத்தத்தைக் கேளுங்கள்.

நிறைப் பிரிவு என்பதே எங்கள் பக்கத்துச் சாட்சி. ஒரே பிரிவில் எல்லாரும் ஒரே கிலோ. நிறைதான் பலம் என்றால் எல்லாருடைய குத்தும் ஒன்றாக இருக்க வேண்டுமே? 63.5 கிலோப் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர்கள் கொஸ்த்யா சூவும் போலி மலிநாஜியும். சூ வென்ற 31 சண்டைகளில் 25 இல் எதிராளி கடைசி மணிவரை தாங்கவில்லை. மலிநாஜி வென்ற 36 இல் அப்படி முடிந்தவை 7 மட்டும். மலிநாஜிக்கு அடிக்கடி கை உடையும், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதுவும் நிறை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையே.

மெலிந்த பிள்ளையைத் துரத்தியவருக்கு எங்கள் நஸீம் ஹமீதை ஞாபகப்படுத்துகிறோம். ஷெஃபீல்டில் யெமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர், 57 கிலோ. 37 சண்டையில் 36 வெற்றி, அதில் 31 நொக்கவுட். நம்ம ஊரில் பெயர் கொடுக்க வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு வா என்றிருப்பார்கள்.

பாரப் பிரிவுக்கே வாருங்கள். 2018 டிசம்பரில் டியொன்டே வைல்டர் 96 கிலோ, டைசன் ஃபியூரி 116 கிலோ. 20 கிலோ குறைந்தவர்தான் ஒன்பதாம் சுற்றிலும் பன்னிரண்டாம் சுற்றிலும் மற்றவரை விழுத்தினார். சண்டை சமநிலையில் முடிந்தது. 2020 இல் திரும்ப மோதினார்கள். வைல்டர் இந்த முறை எட்டுக் கிலோ ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழாம் சுற்றில் அவருடைய மூலையிலிருந்தே துவாயை எறிந்தார்கள். ஃபியூரியும் பாரம் ஏற்றித்தானே வந்தார் என்று கேட்பீர்கள். ஆம், அவர் ஏற்றிய பாரத்தைப் பாவிக்கத் தெரிந்து வந்தார். பிறகு வைல்டர் சொன்ன சாட்டுத்தான் வேடிக்கை: மேடைக்கு நடந்துவரும்போது போட்ட உடுப்பு 40 இறாத்தலுக்கு மேல், கால் சோர்ந்துவிட்டதாம். சாட்டோ உண்மையோ, குத்து எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குத்துச்சண்டைக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. ரீ.பி. ஜாயாவின் பெயரிலேயே பாடசாலைகளுக்கு இடையில் குத்துச்சண்டைக் கேடயப் போட்டி நடந்த நாடு இது. முகத்தில் அடிப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பைக் கேட்பவர்கள் உலமாக்களிடம் கேளுங்கள், அந்த வாதத்துக்கு இந்தப் பதிவு இடமில்லை. ஆனால் உடம்பு அமானிதம் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

தண்ணீரை நிறுத்தி இறக்கிய இரண்டு கிலோ கொழுப்பு அல்ல, இரத்தத்திலும் தசையிலும் இருந்த நீர். கால் தளரும், வேகம் போகும். குத்தின் பலம் எதில் இருக்கிறதோ அதையே வடித்து ஊற்றிவிட்டுத் தராசில் ஏறுகிறான் பிள்ளை. "நோன்பில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறானே" என்று ஒரு தகப்பனே எங்களிடம் கேட்டார். வாப்பா, நோன்பாளி ஸஹர் செய்கிறான், மஃரிபுக்கு நோன்பு திறக்கிறான், மழைக்கோட்டுக்குள் ஓடுவதில்லை.

1997 இல் அமெரிக்காவில் ஐந்து கிழமைக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி நிறை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இறப்பர் உடுப்பையும் நீராவி அறையையும் தடைசெய்தார்கள். நாங்களும் ஒரு மௌத்துக்குப் பிறகுதான் யோசிப்போமா?

பயிற்றுவிப்பவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து எந்த நிறையில் இருக்கிறானோ அந்தப் பிரிவில் ஏற்றுங்கள். மழைக்கோட்டை மழைக்கு வையுங்கள். பெயர் கொடுக்க வருபவனைத் தராசுக்கு முன் பைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். பெற்றோர்களே, போட்டிக்கு முந்தின இரவு பிள்ளை தண்ணீர் குடிக்கிறானா என்று பாருங்கள். குடிக்காவிட்டால் காலையில் எங்களுக்குச் சொல்லுங்கள், அவனுடைய படிவத்தில் கையொப்பம் இடமாட்டோம்.

தரம் 9 பையன் திங்கட்கிழமையிலிருந்து பின்னேரம் எங்களோடு மைதானத்துக்கு வருகிறான். இப்போதைக்குக் கையுறை இல்லை. காலை எப்படி வைப்பது என்பதில் தொடங்குகிறோம்.