பிழை வேறு, நிலையின்மை வேறு

பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் புதிதாக வாங்குவோர் ஒரு வாரத்திற்குள் எழுப்பும் குறை ஒன்றே: 'நேரம் சரியாக ஓடவில்லை.' விற்பவர் தரும் விடையும் ஒன்றே: 'பழைய கடிகாரம் அப்படித்தான் இருக்கும்.' இவ்விரு கூற்றுகளும் பிழையையும் நிலையின்மையையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்து பிறப்பவை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களில் கதிரவன் உச்சியை அடைவது, ஆண்டுச் சராசரியில், கடிகாரம் பன்னிரண்டைக் கடந்து ஏறத்தாழ 21 நிமிடங்களுக்குப் பின்னரே. 1906இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்டநேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைச் சார்ந்தது. இவ்வூர்களோ 77 பாகையைச் சற்றே கடந்து அமைந்தவை. ஒரு பாகைக்கு நான்கு நிமிட வேறுபாடு. இதற்காக எவரும் கதிரவனையும் பழிப்பதில்லை, கடிகாரத்தையும் பழிப்பதில்லை. கணக்கிட்டுச் சொல்லக்கூடிய வேறுபாடு எவரையும் ஏமாற்றுவதில்லை.

கடலோடிகள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். தம் குரோனோமீட்டரின் முட்களை அவர்கள் நாள்தோறும் திருத்திக்கொண்டிருக்கவில்லை. அது நாளொன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைத் துறைமுகத்திலேயே கண்டறிந்து, கடலில் அந்த அளவைக் கூட்டியோ கழித்தோ நெடுங்கோட்டைக் கணித்தனர். அவர்கள் கருவியிடம் எதிர்பார்த்தது பிழையின்மையை அன்று, மாறாத பிழையை.

இந்த அளவுகோலைக் கைக்கடிகாரத்திற்கும் பொருத்தலாம். பதினேழு கற்கள் பதித்த எச்.எம்.டி. ஜனதாவின் இயந்திரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நாளுக்கு 4,32,000 முறை துடிக்கிறது. நாளொன்றுக்கு 20 விநாடி முந்துவது என்பது பத்தாயிரத்தில் இரண்டு பங்கைச் சற்றே மிஞ்சிய பிழை. சான்றிதழ் பெறும் புதிய சுவிஸ் குரோனோமீட்டருக்கே சராசரியில் 4 விநாடி பிந்துவதும் 6 விநாடி முந்துவதும் அனுமதிக்கப்படுகின்றன. ஆகவே, நாள் தவறாமல் 20 விநாடி முந்தும் பழைய ஜனதா நலமாகவே உள்ளது. உள்ளிருக்கும் ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்தினால் அதுவும் குறையும்.

ஒருநாள் அரை நிமிடம் முந்தி, மறுநாள் இரண்டு நிமிடம் பிந்தும் கடிகாரமோ நோயுற்றது. அந்நோய்க்கு முதுமை காரணமன்று. எண்ணெய் உலர்ந்துவிட்டால் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு சுருங்குகிறது. கிடத்தி வைத்தால் ஒரு நேரமும் நிறுத்தி வைத்தால் வேறொரு நேரமும் காட்டுகிறது. சாவி தீரத்தீர நடை மாறுகிறது. காந்தமேறிய ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தும். அருகில் வைத்த திசைகாட்டியின் முள் அசைந்தாடுவது காந்தத்தைக் காட்டிக்கொடுக்கும். இவை அனைத்தும் பராமரிப்பின்மையின் விளைவுகள். உரிய பணியால் தீரக்கூடியவை. முகப்புக்கு மட்டும் புதுவண்ணம் பூசி, உள்ளே உலர்ந்த எண்ணெயை அப்படியே விட்டு, 'சர்வீஸ் செய்தது' என விற்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் முழுமையாகச் சாவி கொடுத்து, முட்களைத் திருத்தாமல், கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பத்து நாள் வேறுபாட்டைக் குறித்துவர வேண்டும். இரவில் எந்நிலையில் வைக்கப்பட்டது என்பதையும் எழுதுதல் நன்று. 'சரியாக ஓடவில்லை' என்ற ஒற்றைச் சொல்லால் கடிகாரப் பழுதுநீக்குநருக்கு விளங்காததை அந்தப் பத்து எண்கள் விளக்கிவிடும். முறைசார் பிழைக்கும் தற்செயல் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்த இதைவிட எளிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி தொடங்கியது, எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்காலத்திலிருந்து எஞ்சியிருப்பவை கைமாறும் பழைய கடிகாரங்களும், அவற்றைத் திறக்கத் தெரிந்த சில கைகளுமே. நலமான கடிகாரத்தைக் குறைகூறி இழுப்பறையில் போடுவதும், நோயுற்றதை முதுமை என்று சொல்லி விற்பதும் அக்கைகளுக்கு வேலையின்றிச் செய்கின்றன. எனவே, விற்பவர் கடிகாரத்தோடு அதன் பத்து நாள் நடைக்குறிப்பையும் தருதல் வேண்டும். அதைத் தர மறுப்பவரிடம், முகப்பு எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதிருத்தலே நன்று.